சென்னை – சிங்கப்பூர்: டிக்கெட்டில் தெரிவது பயண நேரம் அல்ல

முதல் தடவை சிங்கப்பூர் கிளம்பிய என் அத்தை டிக்கெட்டைப் பார்த்து, "ராத்திரி 11.10க்கு ஏறினா காலையில 5.55க்குத்தான் இறக்கி விடுவானா? ஏழு மணி நேரமா?" என்று மலைத்துப் போனார். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரம்தான். திரும்பி வரும்போது கூட்ட வேண்டும். இரவு 8 மணிக்கு ஏறி 9.45க்கு மீனம்பாக்கத்தில் இறங்கினாலும், பறந்ததென்னவோ அதே நாலேகால்தான்.

எந்த ஊருக்கும் தோராயமாகக் கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. வான்வழி தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் சேருங்கள். சென்னை – சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். கணக்குப்படி நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். அந்த அரை மணி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

அப்புறம், அழைக்க வருபவருக்கு இறங்கும் தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நள்ளிரவைத் தாண்டி இறங்கும் விமானம் என்றால் தேதி மாறிவிடும்.