தேனீக்கள் பெட்டியை விட்டு ஓடுவது ஏன்? இயற்கை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்மூர் அடுக்குத் தேனீக்கு இடம் பிடிக்காவிட்டால் ஒருநாள் கூட்டத்தோடு கிளம்பிப் போய்விடும். முதல் வருடத்திலேயே பெட்டி காலியாகிவிட்டது என்று வருந்துகிறவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் நம் கை செய்த வேலையாகத்தான் இருக்கும்.

பெரிய தவறு, தேனை முழுக்க வழித்து எடுப்பது. பெட்டியில் மேலே தேன் அறை, கீழே தேனீயின் புழுக்கள் வளரும் புழு அறை. எடுப்பதெல்லாம் மேலே இருந்துதான் எடுக்க வேண்டும். புழு அறைத் தேனடைகளின் மேல்விளிம்பில் சேர்த்து வைத்திருக்கும் தேன் அவற்றின் சொந்தச் சாப்பாடு. கன்னியாகுமரி மாவட்டத்தையே பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர் தளிர்க்கும்போது, பூவில் அல்ல, இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் கொண்டுவந்து குவிக்கும். ஜூனில் மழை பிடித்ததும் வரத்து படுத்துவிடும். மார்ச்சில் ஒட்ட வழித்த பெட்டி ஆடி மாதத்தைத் தாண்டாது. என் முதல் பெட்டியை அப்படித்தான் இழந்தேன். திறந்தபோது காய்ந்த அடைகள் மட்டுமே இருந்தன. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

இயற்கை முறைதானே, சர்க்கரைப் பாகு எதற்கு என்று பஞ்ச காலத்தில் பட்டினி போடுவதும் தவறு. அவற்றின் தேனை எடுத்தவர்கள் நாம். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, மாலையில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் அடுத்த கூட்டம் கொள்ளையடிக்க வரும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனை மட்டும் ஊட்டவே கூடாது, நோய் அதன் வழியே வரலாம்.

அப்புறம், ஆசையில் தினமும் திறந்து பார்ப்பது. புழுக்கள் வளரும் இடத்தை 33 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்கத் தேனீக்கள் படும் பாடு கொஞ்சமல்ல. திறக்கும்போதெல்லாம் அந்தச் சூட்டை நாம் கலைக்கிறோம்.

அதற்காக எட்டியே பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. அடிப்பலகையில் மெழுகுத் தூள் சேர்ந்தால் அந்துப்பூச்சி முட்டையிடும், தேனீக்கள் மொய்த்து மூடாத அடைகளை அந்துப்பூச்சியின் புழு தின்றுவிடும். காலி அடைகளை எடுத்துவிடுங்கள். பெட்டியைத் தாங்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பூச்சிக்கென்று பெட்டிக்குள் வேப்பெண்ணெய் தெளிக்காதீர்கள். தேனீயும் பூச்சிதான்.

கடைசியாக ஒன்று, இது மிக முக்கியம். 1991–92இல் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் ஏராளமான கூட்டங்களை அழித்தது. அதைக் குணமாக்க மருந்து கிடையாது. நோய்ப் பெட்டியின் அடையை நல்ல பெட்டிக்கு மாற்றினால் நாமே நோயைப் பரப்பியவர்கள் ஆவோம். புதுப் பெட்டி வேண்டுமென்றால், நோய் வந்த பருவத்திலும் திடமாக நின்ற கூட்டத்திலிருந்து பிரித்து எடுங்கள்.