“ஏன் ஒன்று இல்லை?” என்று கேட்டபோது

ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட சிறுமியின் வீட்டுக்குச் சமூகப் பணியாளராகப் போகும்போதெல்லாம், “அனுப்புகிறேன் சார்” என்பார் தாய். அனுப்பமாட்டார். கட்டாயக் கல்விச் சட்டத்தை விளக்கினேன். தலைமையாசிரியரை அழைத்துப் போனேன். குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். பலனில்லை.

பிறகு விசாரணைப் படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, “மகளை அனுப்ப முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு அம்மா?” என்று கேட்டேன்.

“மூன்று.”

“ஏன் ஒன்று இல்லை?”

இந்தக் கேள்விதான் முக்கியம். ‘ஏன் பத்து இல்லை’ என்றால் தடைகளே வரிசையாக வரும். குறைந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் நம்பிக்கைக்கான காரணத்தை அவர்களே தேடுவார்கள். “நன்றாகப் படிப்பாள், சார். தம்பியைப் பார்க்கத்தான் ஆளில்லை” என்றார். தம்பிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அங்கன்வாடியில் சேர்த்தோம். மறுவாரம் அக்காவும் பள்ளிக்குப் போனாள். அப்பாடா!