மூத்தோர் மெய்வல்லுநர் போட்டி: மலையகத்தவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக மாஸ்டர்ஸ் மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் 1975இல் டொரன்டோவில் தொடங்கியது. 35 வயது நிறைந்த ஆணும் பெண்ணும் கலந்துகொள்ளலாம். இத்தனை செக்கனில் ஓடியிருக்க வேண்டும் என்ற தகுதி எல்லை இல்லை. தேசிய சங்கத்தின் ஊடாகப் பதிய வேண்டும். மலை ஏறி இறங்கியே வாழ்ந்த நம்மவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. அது சின்னக் கவனக்குறைவால் கைநழுவக் கூடாது.

கடவுச்சீட்டு எடுக்கும்போதுதான் பலரும் தங்கள் பத்திரங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. சிலருக்குப் பிறந்த திகதியே மாறியிருக்கும். இதைத் திருத்துவது ஒரு நாள் வேலையில்லை, பிரதேச செயலகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டிவரும். போட்டிக்குப் போகும் எண்ணம் வந்த வாரமே பத்திரங்களைச் சரிபாருங்கள்.

திகதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. ஐந்தைந்து வயதாகப் பிரிவு போடுவார்கள். போட்டி தொடங்கும் முதல் நாளில் உங்கள் வயது என்னவோ அதுதான் கணக்கு. இரண்டாம் நாள் 60 பிறந்தாலும் நீங்கள் 55–59 பிரிவுதான். குண்டு போடும் ஆணுக்கு 50 முதல் 59 வரை 6 கிலோ, 60 முதல் 69 வரை 5 கிலோ. பாடசாலையில் இரவல் வாங்கிய குண்டோடு மாதக்கணக்கில் பழகுகிறவர்கள் முதலில் அதன் எடையை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பயிற்சியில், சரிவான தோட்டப் பாதையில் மட்டும் ஓடுவது போதாது. ஏற்றம் மூச்சுக்கு நல்லது. இறக்கமோ முழங்காலையும் தொடைத் தசையையும் தேய்க்கும். வயது கூடக் கூட அந்த நோவு ஆற நாளெடுக்கும். செயற்கை ஓடுபாதையின் துள்ளலும் புல்தரைக்குப் பழகிய குதிகால் தசைநாணுக்குப் புதிது, ஆகவே முன்கூட்டியே சில நாட்களாவது அதில் ஓடிப் பழகுங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கொழும்பு போன்ற வெயிலான இடத்தில் போட்டி என்றால், அந்தக் குளிரில் பழகிய உடம்பு வெயிலுக்கு ஒத்துவர ஒன்றிரண்டு கிழமை தேவை. முதல் நாள் இரவு பஸ் ஏறி, காலையில் ஓட நிற்பது ஆபத்து.

எனக்கு அதிகம் கவலை தருவது மருந்து. மூத்தோர் போட்டியிலும் ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டு. பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற, சிறுநீரைக் கூட்டும் குளிசைகள் தடைப்பட்டியலில் இருக்கின்றன. சீனி வருத்தத்துக்குப் போடும் இன்சுலினும் அப்படியே. பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பதக்கத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, மாற்று மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்ற முடியாதென்றால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு வைத்திய அறிக்கைகள் வேண்டும் என்பதால், பதிவுப் படிவம் நிரப்பும்போதே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள். இருமல் பாணி, நோவுக்குப் போடும் ஊசி, கடையில் வாங்கும் சத்துமா எல்லாவற்றையும் அந்த வைத்தியரிடமே சொல்லுங்கள்.