புது நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி: சென்னைக்காரர்களுக்குப் படிப்படியாக

முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கான பதிவு இது. என்ன சாப்பாடு, எங்கே படுக்க வைப்பது என்பதெல்லாம் இதில் வராது, ஊசி மட்டும்தான். அதிலும் எல்லோரும் தடுமாறும் படி 3-க்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

படி 1: பிறந்த தேதி

குட்டியைத் தருபவரிடம் பிறந்த தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். "ரெண்டு மாசம் இருக்கும் சார்" என்பது தேதி ஆகாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. ஆனாலும் நாற்பது நாள் குட்டிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. தெருவிலிருந்து எடுத்த குட்டி என்றால், டாக்டர் பல்லைப் பார்த்து ஏறக்குறைய வயதைச் சொல்லிவிடுவார்.

படி 2: பூச்சி மருந்து

ஊசிக்கு முன்பே வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும். 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது என்பதால் குத்துமதிப்பு வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து, பூஜ்ஜியமாக்கி, குட்டியை உள்ளே உட்கார வைத்தால் போதும். அசையாமல் உட்காராது. அதனால் எண் நிற்கும் ஒரு விநாடியைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மாத்திரையைவிடச் சிரிஞ்சில் ஊற்றும் திரவம்தான் என் தேர்வு. மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்து வைத்தால் சாதம் போகும், மாத்திரை மட்டும் தட்டில் மிஞ்சும்.

பேதி, வாந்தி, காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். ஊசி அன்றைக்கே போடலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சந்தையில் வாங்கிய குட்டியிடம் பார்வோ கிருமி (கடும் வாந்தி, பேதி தரும் வைரஸ்) ஏற்கெனவே இருந்தால், அறிகுறி தெரியவே ஒரு வாரம் வரை ஆகலாம்.

படி 3: தேதிகளைக் குறிப்பது

எங்கள் மணி வந்தபோது கூடவே ஒரு கார்டும் வந்தது. 35-ஆம் நாளில் ஒரு ஊசி, 55-இல் ஒன்று, 75-இல் ஒன்று. கீழே "கோர்ஸ் முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்தும் இருந்தது. மூன்று ஊசி ஆகிவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். டாக்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் முடியல" என்றார்.

காரணம் இதுதான். குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி அதற்கு வந்துவிடுகிறது. அந்தச் சக்தி, நோயை விரட்டுவதுபோலவே தடுப்பூசி மருந்தையும் விரட்டிவிடும். ஊசி உடம்புக்குள் போயும் வேலை செய்யாது. தாயின் சக்தி ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் வடியும், இன்னொன்றுக்கு 14 வாரம் வரைகூட நிற்கும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஏதாவது ஒன்று பிடிக்க வேண்டும் என்பதே கணக்கு. கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு விழுந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். மணியின் கடைசி ஊசி 11-ஆவது வாரத்திலேயே முடிந்திருந்தது. எத்தனை ஊசி போட்டோம் என்பதைவிட, கடைசி ஊசி எந்த வாரத்தில் போட்டோம் என்பதுதான் முக்கியம்.

ஜூன் 1-இல் பிறந்த குட்டியை வைத்துக்கொள்வோம்:

ஜூலை 27 (8 வாரம்): முதல் கூட்டு ஊசி (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஒரே ஊசி, விவரம் படி 4-இல்)
ஆகஸ்ட் 24 (12 வாரம்): இரண்டாவது கூட்டு ஊசி, எலிக்காய்ச்சல் முதல் தவணை, ரேபிஸ்
செப்டம்பர் 21 (16 வாரம்): மூன்றாவது கூட்டு ஊசி, எலிக்காய்ச்சல் இரண்டாம் தவணை
நவம்பர் 30 (26 வாரம்): இன்னொரு கூட்டு ஊசி

சில டாக்டர்கள் 6 வாரத்திலேயே தொடங்கி மூன்று வார இடைவெளியில் போடுவார்கள், அதுவும் சரி. ரேபிஸை ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை போடுபவர்களும் உண்டு. கடைசி வரியைப் பார்த்து "ஒரு வருஷம் கழித்துத்தானே பூஸ்டர்?" என்று கேட்பவர்களுக்கு: உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பார்க்கும் டபிள்யூஎஸ்ஏவிஏ (உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கம்) வழிகாட்டுதல், ஒரு வருஷம் காத்திருக்காமல் ஆறு மாதத்தையொட்டியே அதைப் போடச் சொல்கிறது. 16-ஆவது வாரத்திலும் பிடிக்காமல் போன சில குட்டிகள் அதில் தேறிவிடும். ரேபிஸும் எலிக்காய்ச்சலும் அதற்குப் பிறகு வருஷா வருஷம்.

தேதிகளைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் வட்டம் போட்டால்தான் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

படி 4: எந்த ஊசி?

கூட்டு ஊசியில் டிஸ்டெம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்), பார்வோ, கல்லீரல் அழற்சி தரும் அடினோ வைரஸ் மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். நோபிவாக், வான்கார்ட், மெகாவாக் என்று பல பெயர்களில் வருகிறது. செவன் இன் ஒன்னைவிட நைன் இன் ஒன் உசத்தி என்று நினைக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமியின் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எண்ணிச் சேர்த்தாலே அந்த எண் ஏறிவிடும். ஆனால் சென்னையில் எலிக்காய்ச்சல் ஊசியை விடவே கூடாது. மழைத் தண்ணீர் தேங்கும் ஊர், எலிக்கும் பஞ்சமில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நாய் கால் வைத்தாலே போதும். அது மனிதருக்கும் தொற்றும். ஐப்பசி மழைக்கு முன் இரண்டு தவணையும் முடிந்துவிடுவது நல்லது.

கம்பெனியைவிட நான் கவனிப்பது ஃபிரிட்ஜைத்தான். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, கத்திரி வெயிலில் வண்டி டிக்கியில் போட்டுக்கொண்டு போகும் வேலையே வேண்டாம். டாக்டர் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கட்டும்.

படி 5: ஊசி போடும் நாள்

கூட்டு ஊசி இரண்டு சின்னக் குப்பிகளாக வரும். ஒன்றின் அடியில் வெள்ளைக் கட்டியாகக் காய்ந்த மருந்து, இன்னொன்றில் திரவம். திரவத்தை இழுத்து முதல் குப்பிக்குள் விட்டுக் கரைத்து, உடனே போட வேண்டும். உங்கள் கண்முன்னே கலக்கச் சொல்லுங்கள். காலையிலேயே கலந்து வைத்த சிரிஞ்சு என்றால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். குப்பியிலுள்ள ஸ்டிக்கரை உரித்துக் கார்டில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்குங்கள். ஸ்டிக்கர் இல்லாத கார்டை அடுத்த டாக்டர் நம்ப மாட்டார், நியாயம்தான்.

போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ உடனே உள்ளே ஓடுங்கள். அன்று முழுக்கத் தூங்குவதும், போட்ட இடத்தில் சின்ன வீக்கம் இருப்பதும் சாதாரணம்தான்.

எங்கே போடுவது? வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை போன்ற இடங்களில் மாநகராட்சி கிளினிக்குகளும் உண்டு. எங்கே போனாலும் காத்திருக்கும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாதீர்கள், பக்கத்தில் எந்த நாய் என்ன நோயோடு வந்திருக்கிறதோ. விலை கூடிய கேரியர் பையெல்லாம் தேவையில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் பழைய லுங்கியை விரித்தால் ஆட்டோவில் நன்றாகவே உட்கார்ந்து வரும்.

படி 6: வெளியே எப்போது?

16 வார ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகு தெருவில் நடக்க விடலாம். அதுவரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் கூடாது. பஸ் சத்தம், பால்காரர், குழந்தைகள் எல்லாவற்றையும் குட்டி பழகிக்கொள்ளும் வயது இது. இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய் வாருங்கள்.

ரேபிஸ் சான்று கைக்கு வந்ததும் மாநகராட்சியின் செல்லப் பிராணி உரிமத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை:

முன்பிருந்த நாய் பார்வோவில் இறந்த வீட்டுக்குப் புதுக் குட்டி கொண்டுவரலாமா? அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஃபினாயில் போதாது. தரையை முதலில் சோப்பால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊற விடுங்கள். பழைய தட்டு, படுக்கையைத் தூக்கிப் போடுங்கள். குட்டிக்கு 16 வார ஊசி முடிந்த பிறகு அழைத்து வருவதே பத்திரம்.

உண்ணிக் காய்ச்சலுக்கு இந்த ஊசிகள் போதுமா? போதாது. அதற்கு உண்ணியைத்தான் ஒழிக்க வேண்டும், தனிப் பதிவாக எழுதுகிறேன்.

ஊசி போட்ட குட்டி விளையாட்டாகக் கடித்து ரத்தம் வந்தால்? குட்டிக்கு ஊசி போட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே நமக்கான ரேபிஸ் ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.