பவர் பிஐயில் முதல் ரிப்போர்ட்டா? அந்தக் குட்டிக் குறியைப் பாருங்கள்

தரவுகளை ரிப்போர்ட்டாக்கித் தரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப்பில் எக்செல் கோப்பைக் கொடுத்ததும் ‘லோடு’ பட்டனை அழுத்தக் கை பரபரக்கும். பொறுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வை அழுத்துங்கள். ஒவ்வொரு நெடுவரிசைத் தலைப்பின் இடப்பக்கமும் ஒரு குட்டிக் குறி தெரியும்: ஏபிசி என்றால் எழுத்து, 123 என்றால் எண், காலண்டர் என்றால் தேதி. தொகைக்கு ஏபிசி இருந்தால் கூட்டவே முடியாது. அங்கேயே எண்ணாக மாற்றி ‘குளோஸ் அண்ட் அப்ளை’ கொடுங்கள்.

பார் சார்ட்டைத் தேர்ந்தெடுத்து மாதத்தையும் தொகையையும் இழுத்துவிட்டால் ரிப்போர்ட் தயார். (பை சார்ட் பக்கம் நான் போவதே இல்லை.)

ஆண்டு நெடுவரிசை மேல் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். பவர் பிஐ அதையும் கூட்டவேண்டிய எண்ணென்று நினைத்து, 2023, 2024 இரண்டையும் கூட்டி 4047 என்று காட்டிவிடும்! ‘டோன்ட் சம்மரைஸ்’ (கூட்ட வேண்டாம்) என்று மாற்றினால் சரியாகிவிடும்.