பிரெஞ்சு நடிகரைப் பாராட்டும் முன், அது யார் குரல் என்று பாருங்கள்

பத்துப் பிரெஞ்சுப் படம் பார்த்தவுடன் நடிகர்களைப் பற்றி எழுதக் கை பரபரக்கும். எழுதுகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது அநேகமாக ஒரே இடங்களில்தான். பிறந்த ஆண்டைப் பிசகி எழுதுவது, ஒரே படத்தின் பிரெஞ்சுப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் இரண்டு படங்களாக எண்ணுவது போன்றவற்றை விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் தேடினால் சரியாகிவிடும். தேடும் எண்ணமே வராத தவறுகள்தான் இங்கே.

எல்லோரையும் 'புதிய அலை'யில் சேர்ப்பது

'புதிய அலை' என்பது 1950களின் கடைசியில் இளம் இயக்குநர்கள் பிரெஞ்சு சினிமாவில் கிளப்பிய இயக்கம். 1960களில் நடித்திருந்தால் புதிய அலைக்காரர் என்று எழுதிவிடுகிறார்கள். அலென் தெலோனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'ப்ளேன் சொலேய்' (1960) படத்தை இயக்கியவர் ரெனே க்ளெமான். புதிய அலை இளைஞர்கள் எந்தத் தலைமுறையை எதிர்த்துக் கிளம்பினார்களோ, அந்தத் தலைமுறைக்காரர். புதிய அலையின் முக்கிய இயக்குநரான கோதாரோடு தெலோன் சேர்ந்தது 1990இல்தான். அந்தப் படத்தின் பெயரே 'நூவெல் வாக்', அதாவது புதிய அலை. வேடிக்கைதான்.

ழான் மொரோ 1947இலேயே கொமெதி ஃப்ரான்ஸேஸ் நாடகக் குழுவில் சேர்ந்தவர். இயக்குநர் லூயி மால் 1958இல் ஒரு படத்தில் அவரைப் பாரிஸின் இரவுத் தெருக்களில் நடக்கவிட்டபோது, அவருக்குப் பின்னால் பத்தாண்டு மேடையும் திரையும் இருந்தன. புதிய அலையோடே வளர்ந்த முகங்கள் என்றால் ழான்-பியர் லெயோ, அன்னா கரினா, பெர்னாதெத் லஃபோன், ழான்-க்ளோத் ப்ரியாலி. பெல்மோந்தோ அங்கிருந்து புறப்பட்டவர்தான். ஆனால் 1964இலேயே 'லோம் த ரியோ'வில் கட்டடம் கட்டடமாகத் தாவிக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் குரலைப் பாராட்டுவது

இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான். 'இல் கொன்ஃபொர்மிஸ்தா' (1970) படத்தை இத்தாலிய ஒலியில் பார்த்துவிட்டு, ழான்-லூயி த்ரந்தின்யானின் "உறைந்துபோன குரல்" பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். கேட்டது அவர் குரலே இல்லை. செர்ஜோ கிராத்ஸியானி என்ற இத்தாலியப் பின்னணிக் கலைஞரின் குரல். 'இல் சொர்பாஸோ' (1962) படத்தில் கூச்ச சுபாவமுள்ள மாணவனாக த்ரந்தின்யான் வருகிறாரே, அங்கே பேசுவது பாவ்லோ ஃபெர்ராரி. பத்திக்குப் பத்தி பாராட்டு, ஆள்தான் வேறு.

இப்படி ஆனதற்குக் காரணம் பணமும் வழக்கமும். 1950 முதல் 1970கள் வரை பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து ஏராளமான படங்கள் எடுத்தன. இரு நாட்டு முதலீடு, இரு நாட்டு நடிகர்கள். அன்றைய இத்தாலியில் படப்பிடிப்பின்போது வசனத்தை ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. எல்லாம் பிறகு ஒலிக்கூடத்தில்தான். ஆகவே ஒரே காட்சியில் ஒருவர் பிரெஞ்சிலும் எதிரில் நிற்பவர் இத்தாலியத்திலும் பேசினாலும் பாதகமில்லை. கடைசியில் ஒரு பிரெஞ்சுப் பதிப்பு, ஒரு இத்தாலியப் பதிப்பு. இரண்டிலுமே எல்லோருக்கும் சொந்தக் குரல் இருக்காது.

விஸ்கோந்தியின் 'இல் கத்தோபார்தோ' (1963) நல்ல உதாரணம். இத்தாலியப் பதிப்பில் தெலோன், பர்ட் லங்காஸ்டர், க்ளோதியா கார்தினாலே மூவருக்கும் இரவல் குரல். தெலோனின் குரல் வேண்டுமென்றால் பிரெஞ்சுப் பதிப்புக்குப் போக வேண்டும். அங்கே லங்காஸ்டரின் குரல் போய்விடும்; அதற்கு ஆங்கிலப் பதிப்பு. கார்தினாலே தூனிஸில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். இத்தாலியத் திரையில் அவருடைய சொந்தக் குரல் முதலில் கேட்டது, அதே 1963இல் வந்த ஃபெல்லினியின் 'எட்டரை'யில்.

பாட்டு விஷயமும் இப்படித்தான். 'லே பாராப்ளுயி த ஷெர்பூர்' (1964) படத்தில் வசனமே கிடையாது, பெட்ரோல் போடச் சொல்வதுகூடப் பாட்டு. கத்ரீன் தெனெவுக்குப் பாடியவர் தானியேல் லிகாரி, நீனோ கஸ்தெல்நுவோவுக்கு ஹொஸே பார்தெல். முன்பே பதிவான பாட்டுக்கு வாயசைத்து நடித்த படம் அது. தெனெவைப் பாராட்ட விஷயம் நிறைய இருக்கிறது. பாட்டின் மூச்சு விடும் இடத்தில் தன் மூச்சையும் விடுகிறார், அடுத்த வரிக்கு முன்பே கண் மாறுகிறது. அதை எழுதுங்கள், குரலை எழுதாதீர்கள். இதே படத்தை இயக்கிய ழாக் தெமியின் 'லே தெமுவாஸெல் த ரொஷ்ஃபோர்' (1967) படத்தின் முக்கிய நடிகர்களில் தன் பாட்டைத் தானே பாடியவர் தானியேல் தரியூ ஒருவர்தான். பின்னணிப் பாடகர்களை வைத்தே வளர்ந்த நாம், படம் பிரெஞ்சு என்றதும் அதை எப்படி மறக்கிறோம் என்பது புரிவதே இல்லை.

இது தெரிந்ததும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, எல்லாமே டப்பிங் என்று சொல்லித் திரிவது இன்னொரு தவறு. 'ஆ பூ த ஸூஃப்ள்' (1960) படத்தில் கேமரா போட்ட சத்தத்தில் வசனத்தைப் பதிவு செய்ய வழியில்லை. பிறகு ஒலிக்கூடத்தில் பெல்மோந்தோவும் ஜீன் சீபெர்கும் தங்கள் வசனத்தைத் தாங்களே பேசினார்கள். குரல் அவர்களுடையது, பேசிய நேரம்தான் வேறு. ஆகவே குரலைத் தாராளமாகப் பாராட்டலாம். "படப்பிடிப்பில் அந்தக் கணத்தில் வெளிப்பட்டது" என்று மட்டும் எழுதக் கூடாது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதலில் தயாரிப்பு நாடுகளைப் பாருங்கள். பிரான்சோடு இத்தாலியும் இருந்து, படம் 1980க்கு முந்தையது என்றால் உடனே சந்தேகப்படுங்கள். ஒலித்தடத்துக்கு மேல் 'அசல்' என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது இயக்குநரின் மொழிதான், நடிகரின் மொழி அல்ல. அடுத்து, முகம் நெருக்கமாகத் தெரியும் ஒரு காட்சியில் முப்பது விநாடி சத்தத்தை அணைத்துவிட்டு, உதடு எத்தனை முறை மூடுகிறது என்று எண்ணுங்கள். ப, ம ஒலிகளுக்கு எந்த மொழியானாலும் உதடு மூடியாக வேண்டும். பிறகு சத்தத்தோடு பாருங்கள். 'ம' கேட்கும்போது வாய் திறந்திருந்தால் முடிந்தது கதை, அவர் பேசியது வேறு மொழி. பொருந்தினாலும் முழுதாக நம்ப முடியாது; அந்த மொழியிலேயே பேசியிருப்பார், குரலை மாற்றியிருப்பார்கள். அதற்கு, படப்பிடிப்பிலேயே ஒலி பதிவான அவருடைய இன்னொரு படம் வேண்டும். த்ரந்தின்யானுக்கு 'மா நுய் ஷே மோத்' (1969). ரோமெர் நேரடி ஒலியில் எடுத்தது, முக்கால்வாசியும் பேச்சு. அதில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு 'கொன்ஃபொர்மிஸ்தா'வைப் போடுங்கள். ஒரே வருட இடைவெளி, இரண்டு வேறு மனிதர்கள்.

'இல் கிராந்தே சிலென்ஸியோ' (1968) படத்தில் அவருக்கு ஊமை வேடம். அங்கே மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

அக்காவையும் தங்கையையும் குழப்புவது

இருவருமே நடிகைகள். அக்கா ஃப்ரான்ஸ்வாஸ் தொர்லெயாக், 1967இல் கார் விபத்தில் இறந்தவர். தங்கை கத்ரீன் தெனெவ்; 'தெனெவ்' என்பது அம்மாவின் குடும்பப் பெயர்.

"பிரான்சில் பிறந்த…" என்று தொடங்குவது

ரோமி ஷ்னைடர் வியன்னாவில், சிமோன் சிஞ்யோரே ஜெர்மனியின் வீஸ்பாடனில், ஈவ் மோந்தான் இத்தாலியில், கரினா டென்மார்க்கில். லினோ வெந்தூரா கடைசிவரை இத்தாலியக் குடிமகன்.

சேசர் விருதை எண்ணி எடை போடுவது

பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருதான சேசர் 1976இல்தான் தொடங்கியது. முதல் விழாவுக்குத் தலைமை தாங்கிய ழான் காபேன் அந்த ஆண்டு நவம்பரிலேயே காலமானார். ரெய்மூ 1946இலும் ழெரார் ஃபிலிப் 1959இலும் மறைந்தவர்கள். "ஒரு சேசர்கூட வாங்காதவர்" என்று இவர்களைப் பற்றி எழுதுவதில் அர்த்தமே இல்லை. இஸபெல் அஜானியிடம் ஐந்து இருக்கின்றன, தெலோனிடம் ஒன்றுதான் (1985). பெல்மோந்தோ 1989இல் தனக்குக் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த எண்களை வைத்து யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது? ஆண்டிலும் கவனம் வேண்டும். 'ல தெர்னியே மெத்ரோ' 1980 படம், அதற்கான சேசர் 1981 விழாவில். சிஞ்யோரேயின் ஆஸ்கர் பிரிட்டிஷ் படத்துக்கு வந்தது. பிரெஞ்சில் பேசி நடித்துச் சிறந்த நடிகை ஆஸ்கரை முதலில் வாங்கியவர் மரியோன் கொத்தியார் (2008).

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர் எழுதுவது

'காட்டில்லார்ட்' என்று ஒருவர் இல்லை, கொத்தியார். கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது: பர்தோ, மோந்தான், சிஞ்யோரே. ஆனால் லூயி த ஃபுய்னெஸில் 'ஸ்' உண்டு, குடும்பம் ஸ்பெயினிலிருந்து வந்தது. பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்குகிறவர்கள் ழான், ழெரார் என்று 'ழ' போடுவது வழக்கம். அந்த ஒலியும் நம் ழகரமும் ஒன்றல்ல என்றாலும் 'ஜ'விலிருந்து பிரித்துக் காட்ட உதவுகிறது. அஜானிக்கு மட்டும் 'ஜ'தான் சரி, பெயரிலேயே அந்த ஒலி இருக்கிறது.

ஆங்கில சப்டைட்டிலோடு நின்றுவிடுவது

பிரெஞ்சில் நீ, நீங்கள் இரண்டும் உண்டு: 'துய்', 'வூ'. ஆங்கில சப்டைட்டில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நமக்கு அந்த வேறுபாடு பழகியது என்பதால் காதைத் தீட்டினால் போதும். 'லா கிராந்த் இல்யூஸியோன்' (1937) படத்தில் தொழிலாளி வர்க்கத்து அதிகாரியாகக் காபேன், பிரபு குலத்து அதிகாரியாகப் பியர் ஃப்ரெனே. சிறையில் பல மாதம் ஒன்றாகக் கிடந்தும் ஃப்ரெனே காபேனை 'நீங்கள்' என்றே அழைக்கிறார். அம்மாவையும் மனைவியையும்கூட 'நீங்கள்' என்றுதான் சொல்வேன் என்கிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். இதே ஃப்ரெனே ஆறு வருடம் முன்பு 'மரியூஸ்' படத்தில் மர்செய் துறைமுகத்துப் பையனாக, தெற்கத்திப் பேச்சில் நடித்தவர். பிறந்தது பாரிஸில்.