கட்டுநாயக்கவா, பலாலியா? ஊருக்குப் போகுமுன் ஒரு கணக்கு

"சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தானாமே, அந்த வழியால் போவமா?" லண்டனில் இருந்து ஊருக்குப் புறப்படுகிற சொந்தக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. பறக்கிற நேரம் சரிதான். ஆனால் வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னை விமான நிலையம் இருக்கிற மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவோடு நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. ஓடுபாதை நீளம் போதாததால் ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம்தான் வருகிறது. ஏறக்குறைய 70 பேர் இருக்கலாம். இறங்கினால் யாழ் நகரம் 16 கிலோமீற்றர்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். லண்டன்–சென்னை ஒரு சீட்டு, சென்னை–யாழ்ப்பாணம் வேறு சீட்டு என்று எடுத்தால், சென்னையில் பெட்டிகளை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அதற்குக் குடிவரவு தாண்டி வெளியே வர வேண்டும். இந்திய விசா கட்டாயம். திரும்பும்போதும் அதே வழி என்றால் ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவாகப் பார்த்து எடுங்கள். அடுத்தது பொதி. பெரிய விமானத்தில் கொண்டுவந்த நிறையைச் சின்ன விமானத்தில் அப்படியே விடமாட்டார்கள். இரண்டு பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு இந்த வழி சரிவராது.

கொழும்பு வழி வேறு கணக்கு. லண்டனில் இருந்து ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானம் என்றால் பதினொரு மணித்தியாலம் அளவில். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவில் இருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 275 கிலோமீற்றர்தான். ஆனால் றோட்டால் போக, இடையில் நின்று சாப்பிட்டு, ஏழு எட்டு மணித்தியாலம் ஆகிவிடும்.

ஒருமுறை விடியப்புறம் இறங்கிய கையோடு அம்மாவை வான் வண்டியில் ஏற்றிவிட்டேன். வவுனியாவைத் தாண்டும்போது அவவின் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்துபோய்க் கிடந்தது. வீட்டு முற்றத்தில் இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அதன் பிறகு வயதானவர்களோடு போனால் விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற நீர்கொழும்பில் ஒரு இரவு தங்காமல் நான் புறப்படுவதே இல்லை. குளித்து, நல்லாய்ப் படுத்தெழும்பி, காலையில் வெளிக்கிட்டால் பொழுதுபடமுன் வீடு.

பகலில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் வழியைப் பார்க்க வேண்டும். முறிகண்டியில் வானை நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் (வேர்க்கடலை) வாங்கிக் கொடுங்கள். ஆனையிறவில் கண்ணாடியை இறக்கிவிட்டால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். இரவு பஸ்ஸில் நித்திரையாய் வந்த பிள்ளைக்கு இது ஒன்றும் தெரியாது.

தனி ஆளாக, ஒரு கைப்பெட்டியோடு, பத்து நாள் லீவில் போகிறீர்களா? சென்னை வழியால் போங்கள். பலாலிக்கு எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு விமானம் என்பது மாறிக்கொண்டிருக்கும். அதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பெரிய விமானத்துக்குச் சீட்டு எடுங்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது அரை நாளாவது விடுங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கூட்டை மாற்றுகிற வேலை இல்லை.